ஆக்சோட்ரோபி: தமிழில் தனியூட்டச் சார்பு

கிரேக்கத்தில் 'ஆக்சைன்' என்றால் வளர்தல், பெருகுதல். 'ட்ரோஃபே' என்றால் ஊட்டம். பள்ளித் தாவரவியலில் படித்த 'ஆக்சின்' ஹார்மோனின் பெயரும் அந்த முதல் வேரிலிருந்து வந்ததுதான். வளர்ச்சிக்குத் தேவையான ஒரு பொருளைத் தானே தயாரிக்க முடியாமல், வெளியிலிருந்து பெற்றே தீரவேண்டிய நிலைதான் ஆக்சோட்ரோபி.

நுண்ணுயிரியலில் புழங்கிய சொல் இது. 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பீடில், டேட்டம் இருவரும் நியூரோஸ்போரா பூஞ்சையின் மீது எக்ஸ் கதிர்களைச் செலுத்தி, பி6 வைட்டமினை ஊட்டினால் மட்டுமே வளரும் ரகத்தைப் பிரித்தெடுத்தார்கள். மரபணு பழுதானதால் அது அந்த வைட்டமினுக்குப் பிறரை நம்பியிருக்க வேண்டியதாயிற்று.

புற்றுநோய் மருத்துவத்தில்தான் இச்சொல்லுக்கு உயிர்காக்கும் பொருள் கிடைத்தது. 1953இல் ஆய்வாளர் ஜான் கிட், கினிப் பன்றியின் சீரத்தை (இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரை) செலுத்தியதும் எலிகளின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுக் கட்டிகள் சுருங்குவதைக் கண்டார். குதிரை, முயல் சீரத்துக்கு அந்த ஆற்றல் இல்லை. காரணம் அஸ்பாராஜினேஸ் என்ற நொதி என்று 1960களில் ஜான் புரூம் காட்டினார். இந்த நொதி இரத்தத்திலுள்ள அஸ்பாராஜினை (புரதம் கட்டப் பயன்படும் அமினோ அமிலங்களில் ஒன்றை) அஸ்பார்டிக் அமிலமாகவும் அம்மோனியாவாகவும் உடைத்துவிடுகிறது. நமது செல்களில் பெரும்பாலானவை அஸ்பாராஜினைத் தாமே தயாரித்துக்கொள்ளும். குழந்தைகளைத் தாக்கும் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுநோயின் செல்களிலோ, அதைத் தயாரிக்கும் நொதி பெரும்பாலும் மிகக் குறைவு. வெளி வரத்து நின்றதும் புரதம் கட்ட வழியின்றி அவை மடிகின்றன. எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருப்பதில், மருந்தாகச் செலுத்தப்படும் இந்த நொதிக்குப் பங்குண்டு. கணைய அழற்சி, ஒவ்வாமை, இரத்தம் உறைதல் ஆகிய பக்கவிளைவுகளும் உண்டு. சில புற்றுச் செல்கள் தயாரிப்பு நொதியைக் கூட்டிக்கொண்டு தப்பித்துவிடுகின்றன.

நுரையீரல் உறையில் வரும் மீசோதீலியோமா என்ற புற்றின் சில வகைகள் இதேபோல் ஆர்ஜினின் என்ற இன்னொரு அமினோ அமிலத்தைச் சார்ந்தவை. அங்கும் இதே உத்தி சோதிக்கப்படுகிறது.

இதைப் படிப்பவர்கள் 'அப்படியானால் சாப்பாட்டைக் குறைத்தால் புற்று பட்டினி கிடக்குமே' என்று எண்ணிவிடக் கூடாது. உணவில் அஸ்பாராஜினைத் தவிர்த்தாலும் கல்லீரல் அதைத் தயாரித்து இரத்தத்தில் விடும். பத்தியம் இருந்து எடை இழப்பவர் நோயாளிதான். சிகிச்சையைத் தாங்க அவருக்குச் சத்து வேண்டும்.

தமிழில் 'ஊட்டச் சார்பு' என்று சொல்லலாமா? பாடநூல்கள் 'பிறசார்பு ஊட்டம்' என்பதை ஹெட்டரோட்ரோஃப்களுக்கு (உணவைத் தாமே தயாரிக்காமல் பிற உயிர்களைச் சார்ந்து வாழ்பவற்றுக்கு) கொடுத்துவிட்டதால் குழப்பம் வரும். 'ஊட்டக் குறைபாடு' சத்துக்குறைவு நோயைக் குறிக்கும், முற்றிலும் தவறு. குறிப்பிட்ட ஒரே ஊட்டத்தைச் சார்ந்திருத்தல் என்பதால் 'தனியூட்டச் சார்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. அந்நிலையிலுள்ள செல்லை 'தனியூட்டச் சார்பி' எனலாம். எந்த ஊட்டம் என்று தெரிந்தால் இன்னும் எளிது: அஸ்பாராஜின் சார்பு, ஆர்ஜினின் சார்பு.