ஒதுக்கீடு, பங்கீடு, வழங்கல்: வி.எச்.எஃப் அலைகளில் யாருக்கு எது?

வி.எச்.எஃப் என்பதைத் தமிழில் மிகவுயர் அதிர்வெண் என்கிறோம். அதிர்வெண்ணுக்கு இலங்கைத் தமிழில் மீடிறன் என்று பெயர். 30 முதல் 300 மெகாஹெர்ட்ஸ் வரையிலான வானொலி அலைகள் இதில் அடங்கும். அலைநீளம் 10 மீட்டரிலிருந்து 1 மீட்டர். 5ஜி 3,300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் இக்காலத்தில் 'மிகவுயர்' என்ற அடைமொழி சற்று மிகையாகத்தான் தெரியும். சிற்றலை வானொலியே உயரமாகத் தோன்றிய காலத்தில் வைத்த பெயர் அது.

பெயரைவிடக் குழப்பம் தருவது இந்த அலைகளைப் பிரித்துக் கொடுக்கும் வேலைக்கு நாம் சொல்லும் 'ஒதுக்கீடு' என்ற சொல். இடு என்ற வினை முதல் எழுத்து நீண்டு ஈடு ஆகிறது. கெடு கேடு ஆனதுபோல. மதிப்பீடு, முதலீடு வரிசையில் ஒதுக்கு + ஈடு ஒதுக்கீடு. சொல்லில் குறையில்லை. ஆனால் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் வானொலி விதிகள் மூன்று தனித்தனிச் செயல்களைப் பேசுகின்றன: அலொகேஷன், அலாட்மென்ட், அசைன்மென்ட். செய்திகளில் மூன்றும் 'ஒதுக்கீடு' ஆகிவிடுகின்றன.

அலொகேஷன் என்பது ஒரு பட்டையை, அதாவது அடுத்தடுத்த அதிர்வெண்களின் ஒரு வரம்பை, ஒரு பணிக்கு விடுவது. ஒலிபரப்பு, வான்வழி, கடல்வழி, அமெச்சூர் (பொழுதுபோக்கு வானொலி) என்று பணியின் பெயர் மட்டுமே அங்கே இருக்கும்; ஆளின் பெயர் இருக்காது. இதற்கு ஒதுக்கீடு பொருத்தம். இந்தியாவில் 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை பண்பலை ஒலிபரப்பு. (நாட்டின் முதல் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது.) 108ஐத் தாண்டினால் விமானங்களின் எல்லை. 112 வரையிலான பகுதியில், ஓடுபாதையின் நடுக்கோட்டை இறங்கும் விமானத்துக்குக் காட்டும் கருவியின் சமிக்ஞை இருக்கிறது. பண்பலைப் பட்டையின் மேல்முனையில் வலுவான நிலையம் வைப்பவர்கள் பக்கத்து விமான நிலையத்தையும் கணக்கில் எடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

118க்குச் சற்றுக் கீழிருந்து 137 வரை விமானியும் கட்டுப்பாட்டு அறையும் பேசும் இடம், 121.5 ஆபத்து அழைப்புக்கு. இவ்வளவு நவீனமான துறை இன்னும் பழைய வீச்சுப் பண்பேற்றத்தையே, அதாவது ஏ.எம் முறையையே, வைத்திருக்கிறது. பண்பலையில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் வலுவானவர் குரல் மட்டும் கேட்கும், மற்றவர் இருந்த சுவடே தெரியாது. ஏ.எம்மில் இரண்டும் கலந்து கீச்சென்று இரையும். இன்னொருவரும் அழைத்திருக்கிறார் என்று கட்டுப்பாட்டாளருக்குப் புரிந்துவிடும். 144 முதல் 146 வரை ஹாம்கள் எனப்படும் அமெச்சூர்களுக்கு. கடலில் 156.8, அதாவது 16ஆம் சேனல், ஆபத்துக்கும் முதல் அழைப்புக்கும். 174க்கு மேல் தொலைக்காட்சி.

அலாட்மென்ட் என்பது நாடுகள் கூடி, இந்தச் சேனல் இந்தப் பகுதிக்கு என்று திட்டம் போட்டுக்கொள்வது. 2006இல் ஜெனீவாவில் ஐரோப்பா, ஆப்பிரிக்கா, மேற்காசிய நாடுகள் 174 முதல் 230 வரையிலான பட்டையை டிஜிட்டல் ஒலி, ஒளிபரப்புக்காக அப்படிப் பிரித்துக்கொண்டன. இந்தியா அந்தத் திட்டத்தில் இல்லை. இதற்குப் பங்கீடு என்று சொல்லலாம். ரேஷன் வாடை அடிக்கிறது என்பார்கள். அடிக்கட்டும், நடப்பதும் ஏறக்குறைய அதுதான்.

அசைன்மென்ட் என்பது ஓர் அரசு ஒரு குறிப்பிட்ட நிலையத்துக்குக் குறிப்பிட்ட அதிர்வெண்ணைப் பயன்படுத்த அனுமதி தருவது. இதற்கு வழங்கல் போதும். இந்தியாவில் அந்த வேலை தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி பிரிவுடையது. சென்னையில் 93.5 சூரியன் எஃப்.எம், டெல்லியில் அதே 93.5 ரெட் எஃப்.எம். ஒதுக்கீடு ஒன்று, வழங்கல் இரண்டு. வி.எச்.எஃப் அலை பெரும்பாலும் தொடுவானத்தோடு நின்றுவிடுவதால் இது முடிகிறது. ஆகவே '93.5 சூரியனுக்கு ஒதுக்கப்பட்டது' என்று எழுதுவதைவிட 'வழங்கப்பட்டது' என்று எழுதுவதே சரி.

தமிழாக்குபவர்கள் தடுக்கி விழும் இடம் இன்னொன்று உண்டு. ஒன்றியத்தின் அட்டவணையில் ஒரே பட்டைக்குப் பல பணிகள் இருக்கும். ஆங்கிலத்தில் பெரிய எழுத்தில் இருப்பது முதன்மைப் பணி, சாதாரண எழுத்தில் இருப்பது துணைப் பணி. துணைப் பணி முதன்மைக்கு இடையூறு செய்யக்கூடாது. முதன்மையால் வரும் இடையூறுக்குப் பாதுகாப்பும் கோர முடியாது. 50 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய பட்டையில் ஒன்றியம் உலகைப் பிரித்திருக்கும் மூன்று மண்டலங்களில் நம்முடையதான மூன்றாம் மண்டலத்தில் அமெச்சூர் முதன்மை. ஐரோப்பாவின் பல நாடுகளிலோ துணை. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து கிடையாது. எனவே அட்டவணையைப் பெயர்க்கும்போது ஒவ்வொரு பணிக்கும் முன்னால் 'முதன்மை', 'துணை' என்று எழுதியே ஆக வேண்டும். விட்டுவிட்டால் எல்லோருக்கும் சம உரிமை என்று பொருள்பட்டுவிடும்.