திங்கட்கிழமைக் காலையின் வயிற்றுவலி

1990களில் அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பள்ளிச் செவிலியர் ஒருவரிடம் பிள்ளைகள் வயிற்றுவலி, தலைசுற்றல் என்று அடிக்கடி வந்தார்கள். நோய் ஒன்றும் இல்லை. வீட்டில் சாப்பாடு இல்லை. இல்லாதவர்களுக்கு உணவு சேகரித்துக் கொடுக்கும் ஓர் உணவு வங்கியிடம் அவர் உதவி கேட்டார். வார இறுதிக்கான உணவைப் பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பும் திட்டம் அப்படித்தான் உருவானது.

உலகில் சுமார் 41.8 கோடி பிள்ளைகள் பள்ளியில் உணவு பெறுவதாக உலக உணவுத் திட்டத்தின் 2022 அறிக்கை கூறியது. பெரிய சாதனைதான். ஆனால் வாரத்தின் 21 வேளைகளில் மதிய உணவு அடைப்பது ஐந்தை மட்டுமே. வெள்ளி மதியத்திலிருந்து திங்கள் மதியம் வரை 72 மணி நேரம்.

ஆர்கன்சா பிள்ளைகள் சொன்ன வயிற்றுவலி, தலைசுற்றல் இரண்டுமே கற்பனையல்ல. காலியான இரைப்பை சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய 90 முதல் 120 நிமிடங்களுக்கு ஒருமுறை வலுவான சுருக்க அலை ஒன்று அங்கே தொடங்கிச் சிறுகுடல் வழியாக நகர்ந்து, மிச்சமிருப்பதைத் துடைத்துத் தள்ளும். வயிறு இரைவதும் கிள்ளுவதும் இதனால்தான். போதாக்குறைக்கு, 1999இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டறிந்த கிரெலின் என்ற பசி ஹார்மோன், வழக்கமான சாப்பாட்டு நேரம் நெருங்கும்போதே ரத்தத்தில் ஏறிவிடும்.

தலைசுற்றலின் கதை நீளமானது. ஆறு வயதுக்குள் மூளை பெரியவர்களின் மூளை அளவில் சுமார் 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. உடலோ இன்னும் சிறியது. ஐந்து வயதையொட்டி, ஒரு நாளைக்குத் தேவைப்படும் ஆற்றலில் 40 சதவீதத்துக்கும் மேல் மூளைக்கே போகிறது என்று 2014இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. சாப்பாட்டு இடைவெளியில் அதற்குக் குளுக்கோஸ் தருவது கல்லீரலில் சேமித்த கிளைகோஜன், அதாவது குளுக்கோஸின் சேமிப்பு வடிவம். பெரியவர்களிடம் அது சுமார் 100 கிராம் இருக்கும். பிள்ளையின் கல்லீரல் சிறியது, சேமிப்பும் சிறியது. சின்னத் தொட்டியில் பெரிய குழாயைத் திறந்துவிட்ட நிலைமை. தசைகளிலும் கிளைகோஜன் உண்டுதான், ஆனால் அதைக் குளுக்கோஸாக ரத்தத்துக்குத் திருப்பி அனுப்பும் நொதி தசையில் இல்லை.

இருந்தும் ஆரோக்கியமான பிள்ளையின் ரத்தச் சர்க்கரை எளிதில் அபாய அளவுக்குச் சரிவதில்லை. உடல் அதைக் காப்பாற்றுகிறது. அதற்கான விலைதான் நம் கண்ணில் படுகிறது. அட்ரினலின் என்ற ஹார்மோன் சுரந்தால் படபடப்பு, நடுக்கம், வியர்வை. கார்டிசால் என்ற இன்னொரு ஹார்மோன் தசைப் புரதத்தை உடைத்துக் குளுக்கோஸ் செய்ய உதவுகிறது. கொழுப்பிலிருந்து வரும் கீட்டோன்கள் என்ற மாற்று எரிபொருளுக்குப் பிள்ளைகளின் மூளை பெரியவர்களைவிடச் சீக்கிரமே மாறிக்கொள்கிறது. குறைந்த உணவே வழக்கமாகிவிட்டால் ஓட்டமும் விளையாட்டும் சுருங்கும். வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களும் தணியும். ஓடியாடாத பிள்ளையை ‘சமர்த்து’ என்றும், பாடத்தில் மனம் ஒட்டாத பிள்ளையை ‘சோம்பேறி’ என்றும் சொல்லிவிடுகிறோம். இரண்டும் ஒரே சிக்கன நடவடிக்கையாக இருக்கலாம்.

அப்படியானால் பையில் என்ன வைப்பது? வெறும் இனிப்புப் பண்டம் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும், நெடுநேரம் தாங்காது. மெதுவாகச் செரிக்கும் மாவுச்சத்தும் புரதமும் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்தால் இரைப்பை காலியாவதே தாமதமாகும். இரும்புச்சத்தையும் மறக்கக்கூடாது, அது குறைந்தால் வயிறு நிறைந்த நாளிலும் கவனம் சிதறும். அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடியதாகவும், சின்னக் கைகளால் திறக்கக்கூடியதாகவும் இருக்க வேண்டும். ஊட்டச்சத்து அட்டவணை போடுகிறவர்கள் இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முதலில் மறப்பார்கள்.

கொடுக்கும் விதமும் முக்கியம். வகுப்பின் முன் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுத்தால், மிகவும் தேவைப்படும் பிள்ளையே வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடும். கொடுத்த பை வீட்டில் தம்பி தங்கைக்கும் பங்காகும். ஆகவே அளவைத் தீர்மானிக்கும் முன் வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. வாரக்கணக்கில் நீளும் விடுமுறைக்கோ பை போதாது. பள்ளிச் சமையலறையையே திறந்து வைக்க வேண்டும்.