சிதறும் ஒளியில் தெரியும் ரோஜா

பழைய ஐரோப்பியக் கண்ணாடி ஒயின் கோப்பைகளில் செதுக்கிய குடும்பச் சின்னமும் பூக்கொடியும் பால் வெள்ளையாகத் தெரியும். அங்கே வெள்ளைச் சாயம் ஒரு துளியும் கிடையாது. வழவழப்பான கண்ணாடிக்குள் ஒளி தடையின்றிப் புகுந்து வெளியேறும். அதைச் சொரசொரப்பாக்கினால், நுண்ணிய பள்ளங்கள் ஒளியை நாலா பக்கமும் சிதறடிக்கும். பொடித்த கண்ணாடி வெள்ளையாகத் தெரிவதும் இதனால்தான்.

செதுக்கும் கருவி, சுழலும் ஒரு சிறு செம்புச் சக்கரம். மென்மையான செம்பு கண்ணாடியை எப்படி வெட்டும்? வெட்டுவது செம்பு அல்ல, எண்ணெயில் குழைத்த எமரி என்ற கடினக் கல்லின் தூள். அந்தத் துகள்கள் செம்பில் பதிந்துகொண்டு கண்ணாடியை அரிக்கின்றன. கலைஞர் கோப்பையைச் சக்கரத்துக்கு அடியில் பிடித்து மேல்நோக்கி அழுத்துவார். வெட்டும் இடத்தை எண்ணெய் மறைத்துவிடுவதால் கைப்பழக்கமே வழிகாட்டி. கை கொஞ்சம் பிசகினாலும் அழித்துத் திருத்த வழியில்லை.

ரத்தினங்களையும் ஸ்படிகத்தையும் செதுக்கிய கைகளிடமிருந்து வந்த வித்தை இது. பிராகாவில் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவையில் இருந்த காஸ்பர் லேமான், 1609இல் கண்ணாடி செதுக்கும் தனியுரிமையைப் பெற்றார். வெனிஸின் சோடாக் கண்ணாடி மெல்லியது, சக்கரத்தின் அழுத்தத்தைத் தாங்காது. அதில் வைர முனையால் கீறத்தான் முடிந்தது. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிராகாவைச் சுற்றியுள்ள பொஹீமியாவில் பொட்டாஷும் சுண்ணாம்பும் சேர்த்துத் தடித்த, தெளிவான கண்ணாடி உருவான பிறகு, ஆழமாகச் செதுக்க முடிந்தது. செல்வர்கள் தங்கள் குலச்சின்னத்தைப் பொறித்து வாங்கினார்கள். 18ஆம் நூற்றாண்டு பிரிட்டனிலோ, அரியணை இழந்த ஸ்டூவர்ட் குடும்பத்தின் ஆதரவாளர்கள் தங்கள் கோப்பைகளில் ரோஜாவையும் மொட்டையும் பொறித்தார்கள். அந்தஸ்தோடு அரசியல் விசுவாசமும் விருந்து மேசைக்கு வந்தது.

இத்தனையிலும் என்னை மலைக்க வைப்பது நெதர்லாந்தின் ஃபிரான்ஸ் கிரீன்வுட் செய்த வேலைதான். 18ஆம் நூற்றாண்டில் அவர் கோடுகளையே விட்டுவிட்டு, வைர முனையால் தட்டித் தட்டிப் புள்ளிகளால் மட்டுமே முகங்களை உருவாக்கினார். காகிதத்தில் புள்ளி நெருங்கினால் இருள் கூடும். இங்கே தலைகீழ்: புள்ளி நெருங்க நெருங்க வெளிச்சம் கூடுகிறது, நிழல் விழவேண்டிய இடத்தில் கண்ணாடியைத் தொடாமலே விட்டுவிட வேண்டும். கோப்பைக்குப் பின்னால் கருந்துணி வைத்துப் பக்கவாட்டில் விளக்கைக் காட்டினால், மூச்சுக்காற்று படிந்ததுபோல முகம் மெல்லத் தெளியும். துணியை எடுத்துவிட்டு வெளிச்சமான ஜன்னலுக்கு எதிரே பிடித்தால், அந்த முகம் மங்கிப்போகும்.