'இல்லை' என்று எழுதுவதற்கு முன்

லண்டனில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையில் பிள்ளைகளின் பாதுகாப்புக்கு நான் பொறுப்பு. புதிதாகப் படிப்பிக்க வருபவர்களின் விண்ணப்பங்கள் என்னிடம்தான் வரும்.

ஒரு தம்பி வந்தார். நல்லாகப் படிப்பிப்பார். 'குற்றத் தீர்ப்பு ஏதும் உண்டா' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தார். குற்றப் பதிவுகளைக் காட்டும் அரசாங்கச் சான்றிதழான டி.பி.எஸ். சான்றிதழில் ஒன்பது வருடத்துக்கு முந்திய வழக்கு இருந்தது: குடித்துவிட்டுக் கார் ஓட்டியதற்கு அபராதமும் ஓட்டுநர் தடையும். "நான் மறைக்கேல்லை அக்கா, அது அஞ்சு வருசத்தோட முடிஞ்சுது எண்டுதான் சொன்னவை" என்றார். குரல் தழுதழுத்தது.

சொன்னவர்கள் சொன்னது பாதி சரி. 1974ஆம் ஆண்டு குற்றவாளிகள் மறுவாழ்வுச் சட்டப்படி, கடையிலோ கிடங்கிலோ வேலை கேட்டால் அதை அவர் சொல்லத் தேவையில்லை. பிள்ளைகளோடு செய்யும் வேலைக்கு அந்தச் சலுகை இல்லை. அங்கே கணக்கு வேறு. 18 வயதுக்குப் பிறகு கிடைத்த தீர்ப்பு, சிறைத்தண்டனை இல்லாமல், பாரதூரமான குற்றங்களின் பட்டியலிலும் இல்லாமல் இருந்தால், 11 வருடம் கழிந்த பிறகுதான் சான்றிதழிலிருந்து விலகும். சிறைத்தண்டனை என்றால் எத்தனை வருடமானாலும் விலகாது.

அந்த வழக்கு அவரைச் சேர்ப்பதற்குத் தடையே இல்லை. முதலே சொல்லியிருந்தால் பத்து நிமிடப் பேச்சோடு முடிந்திருக்கும். அந்த 'இல்லை'யால் நிர்வாகக் குழு இரண்டு மாதம் யோசித்தது.

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். பதினைந்து வயதில் கடையில் எதையோ எடுத்ததற்குப் பொலிஸ் எச்சரிக்கை பெற்ற ஒரு தங்கச்சி, அதை ஒரு பக்கம் எழுதிக் கொண்டு வந்தார். சிறு வயது எச்சரிக்கைகள் 2020 நவம்பர் 28க்குப் பிறகு சான்றிதழில் தானாக வருவதில்லை. அவர் அதை எழுதியிருக்கவே வேண்டாம். எத்தனை வருடம் அந்தப் பயத்தைச் சுமந்தாரோ!

சரி, ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுப்பு இல்லை. பிள்ளைகளோடு வேலை செய்யக்கூடாது என்று தடைப்பட்டியலில் உள்ளவர் இந்த வேலைக்கு விண்ணப்பிப்பதே குற்றம். 2002இல் இங்கிலாந்தின் சோஹம் என்ற ஊரில் இரண்டு சிறுமிகளைக் கொன்றவன், முந்திய முறைப்பாடுகள் வெளியே வராமலே பாடசாலை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தவன். இப்போதைய தடைப்பட்டியல் முறை அதற்குப் பிறகு வந்தது.

உங்கள் பெயரில் என்ன பதிவாகியிருக்கிறது என்று தெரியாவிட்டால், முதலில் பொலிஸ் பதிவுகளைக் கையாளும் ஏக்ரோ (ACRO) அலுவலகத்திடம் உங்கள் பொலிஸ் பதிவைக் கேட்டு எடுங்கள். கட்டணம் இல்லை. வந்ததும் படிவத்தை நிரப்புங்கள். சந்தேகம் இருந்தால் என்னைப் போன்ற பொறுப்பாளரிடம் தனியாகக் கேளுங்கள். படிவம் கொடுக்க முதல் கேளுங்கள்.