கம்பளம் காய்ந்த பிறகும் போகாத வாடை

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சென்னையில் கம்பளம் கழுவிக் கொடுக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒரே மாதிரியான தொலைபேசி அழைப்பு வருவதுண்டு. “நீங்க கழுவுறதுக்கு முன்னாடி இந்த வாடையே இல்லீங்க, மூணு நாளா ஹால்ல உட்கார முடியல” என்பார் வீட்டுக்காரர். கழுவியவரோ, வாளி வாளியாகக் கறுப்புத் தண்ணீர் இறங்கியதைக் கண்ணால் பார்த்தவர் என்பதால், தம் வேலையில் குறை ஏதுமில்லை என்று சாதிப்பார். பெரும்பாலான நேரங்களில் இருவர் சொல்வதும் உண்மையாகவே இருக்கும். நாறுகிற பொருள் கழுவும்போது புதிதாக வந்து சேர்ந்ததன்று; ஆனால் அன்று தண்ணீர் படாமல் இருந்திருந்தால் அது யார் மூக்கையும் எட்டியிருக்காது.

இதைப் புரிந்துகொள்ளக் கம்பளத்தை ஒரு மூலையில் மடித்து அதன் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் பதோஹிப் பகுதியில் கையால் முடிச்சிட்டு நெய்யப்படும் கம்பளங்களில் மேலே தெரியும் ரோமம் கம்பளி. அதைத் தாங்கும் பாவும் ஊடும் பெரும்பாலும் பருத்தி. அலுவலகங்களிலும் அடுக்கக வீடுகளிலும் சுவருக்குச் சுவர் ஒட்டப்படும் எந்திரக் கம்பளத்திலோ, நைலான் அல்லது பாலிப்ரொப்பிலீன் இழைக்குக் கீழே ஒரு துணி, அதன் அடியில் ரப்பர் பாலால் ஆன பசை, சணலாலோ பாலிப்ரொப்பிலீனாலோ ஆன இன்னொரு துணி, சில இடங்களில் அதற்கும் அடியில் நுரை மெத்தை என்று நான்கு அடுக்குகள் வரை இருக்கும். வாரந்தோறும் வேக்குவம் போடும்போது மேல் அடுக்குத்தான் சுத்தமாகிறது. கொட்டிய பாலும் குழந்தையின் சிறுநீரும் ஈர்ப்பு விசையால் கீழே இறங்கி, பருத்தியிலும் சணலிலும் காய்ந்து, வருடக்கணக்கில் வாடையே இன்றிக் கிடக்கக்கூடும். ஒரு பொருள் மணக்க வேண்டுமானால் அதன் மூலக்கூறுகள் காற்றில் கிளம்பி மூக்கை அடைய வேண்டும். காய்ந்து இழையோடு ஒட்டிக் கிடப்பவை அவ்வளவு எளிதில் கிளம்புவதில்லை.

தண்ணீர் இந்த உறக்கத்தைக் கலைக்கிறது. கம்பளி, கைக்கு ஈரம் தெரியாமலேயே தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை நீராவியை உள்வாங்கக்கூடியது. அப்படி நுழையும் நீர் மூலக்கூறுகள், இழையில் ஏற்கெனவே ஒட்டியிருந்த எண்ணெய், வியர்வை, சமையல் புகை ஆகியவற்றின் மூலக்கூறுகளை இடம்பெயர்த்து வெளியே தள்ளுகின்றன. மழையில் நனைந்த ஆட்டுக் கொட்டகையை நினைவூட்டும் அந்த வாடை, கம்பளிக் கம்பளம் நனைந்தால் வந்தே தீரும். நன்றாகக் காய்ந்ததும் தானே அடங்கிவிடும். முதல் நாள் வருகிற புகாருக்கு இந்த விளக்கமும், மின்விசிறியைச் சுழல விடுங்கள் என்ற அறிவுரையும் பெரும்பாலும் போதும்.

மூன்றாம் நாள் புகார் அப்படியன்று. சுடுநீர் முறையில் இயந்திரம் வெந்நீரையும் சோப்புக் கரைசலையும் பீய்ச்சி, உடனே உறிஞ்சி எடுக்கிறது. உறிஞ்சும் விசை மேல் இழைகளில் நன்றாகவும் அடியில் குறைவாகவும் எட்டுவதால், அடித்துணியில் கணிசமான நீர் தங்கிவிடுகிறது. அந்த நீர் பழைய கறையைக் கரைத்துக்கொண்டு, அகல் விளக்கின் திரியில் எண்ணெய் ஏறுவதைப் போலவே, இழைகளுக்கு இடையிலான நுண்ணிய இடைவெளிகள் வழியாக மேலே ஏறுகிறது. நுனியில் நீர் ஆவியாகிப் போக, கரைந்து வந்தவை அங்கேயே படிகின்றன. கழுவிய அன்று காணாத கறை இரண்டு நாள் கழித்துப் பழுப்பாகத் தலைகாட்டுவதும் இதனால்தான். அடியில் ஒளிந்திருந்த நாற்றம், மூக்குக்கு அருகில், காற்றுப்படும் இடத்துக்குக் குடிபெயர்ந்துவிடுகிறது.

இந்தக் கதையில் மிகவும் தொல்லை தருவது சிறுநீர். அதிலுள்ள யூரியாவுக்கு வாடை கிடையாது. பாக்டீரியாக்களின் யூரியேஸ் என்ற நொதி அதை அம்மோனியாவாக உடைக்கும்போதுதான் மூக்கைத் துளைக்கும் நெடி பிறக்கிறது. (1926இல் அமெரிக்க வேதியியலாளர் ஜேம்ஸ் சம்னர் முதன்முதலாகப் படிகமாக்கிக் காட்டிய நொதி இதுவே, அவர் அதைப் பிரித்தெடுத்தது நம் வாளவரையின் நெருங்கிய உறவான ஓர் அவரை விதையிலிருந்து. 1946இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது.) அம்மோனியா, அமிலச் சூழலில் அம்மோனியம் என்ற மின்னூட்டம் பெற்ற வடிவில் நீரிலேயே தங்கிவிடும், காரச் சூழலில் வாயுவாகக் கிளம்பும். அறை வெப்பத்தில், அமில காரத் தன்மையை அளக்கும் பிஎச் மதிப்பு 7 என்றால் நூற்றில் ஒரு பங்குகூட வாயு வடிவில் இருக்காது, 9.25இல் பாதிக்குப் பாதி. 10இல் ஏறத்தாழ 85 பங்கு. செயற்கை இழைக் கம்பளங்களில் எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்காகத் தெளிக்கும் கரைசல்களில் பல, இந்த 10ஐ ஒட்டிய காரத்தன்மை கொண்டவை. பூனை ஒதுங்கிய மூலையில் அதைத் தெளித்தால், அடைபட்டிருந்த அம்மோனியாவுக்குக் கதவைத் திறந்துவிட்டதாக ஆகும். கழுவி முடித்த கையோடு நீர்த்த அமிலக் கரைசலால் ஒருமுறை அலசி எடுத்திருந்தால் அந்தக் கதவு மீண்டும் சாத்தப்பட்டிருக்கும். அவசரத்தில் பலர் விட்டுவிடுகிற படியும் இதுதான்.

பூனையின் சிறுநீரில் கூடுதலாக ஃபெலினின் என்றொரு அமினோ அமிலம் உண்டு. காயடிக்காத ஆண் பூனைகளில் இது மிகுதி. இது நாள்பட மெல்லச் சிதைந்து கந்தகம் கொண்ட ஒரு சேர்மத்தைத் தருகிறது. கடுவன் பூனை நடமாடும் இடத்தின் அடையாளமான அந்த வாடை அதனுடையது. யூரிக் அமிலப் படிகங்களே நாறுகின்றன என்று விளம்பரங்கள் சொல்வது அவ்வளவு சரியன்று. யூரிக் அமிலம் எளிதில் ஆவியாவதே இல்லை. ஆனால் 20 பாகை செல்சியஸில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 60 மில்லிகிராம் மட்டுமே கரையும் என்பதால், சாதாரணமாக அலசினால் அது போவதுமில்லை. உடன் காய்ந்த உப்புகளோ காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்பவை. மழைக்காலம் வரும்போதெல்லாம் பழைய வாடை திரும்ப வருகிறது என்று சொல்பவர் கற்பனை செய்யவில்லை.

இனி, கழுவியவரே பொறுப்பேற்க வேண்டிய ஒரு வாடை இருக்கிறது. வெயில் காணாத நாளில் துவைத்துக் கொடியில் போட்ட துண்டின் ஊசல் வாடையை எல்லோரும் அறிவோம். மொராக்செல்லா என்ற பாக்டீரியா வெளியிடும் ஒரு கொழுப்பமிலம் இதற்கு முக்கியக் காரணம் என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்டார்கள். கம்பளமும் ஒரு தடித்த துண்டுதான். நனைந்த பொருளை 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சணம் பிடிக்காது என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் வழிகாட்டுதல்.

சென்னையின் மழைக்காலத்தில் அந்தக் கெடுவைக் காப்பாற்றுவது எவ்வளவு கடினம் என்பதற்கு ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் அதில் 24 கிராம் ஏற்கெனவே நிரம்பியிருக்கிறது. எஞ்சிய இடம் 6 கிராம்தான். கம்பளத்தில் 2 லிட்டர் நீர் தங்கியிருப்பதாக வைத்துக்கொண்டால், அதைச் சுமந்து செல்லக் குறைந்தது 333 கனமீட்டர் காற்று வேண்டும். நான்குக்கு நான்கு மீட்டர் அகலநீளமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையின் காற்று முழுவதும் ஏழு முறை மாற வேண்டும் என்று பொருள். அதுவும் ஒவ்வொரு முறையும் காற்று முழுமையாக நிரம்பி வெளியேறினால். மழை நாளில் சன்னலைத் திறந்து வைப்பதைவிட, சன்னலை மூடி ஏசியையும் மின்விசிறியையும் சேர்த்து ஓட விடுவது மேல் என்பதற்கு இதுதான் காரணம். ஏசியின் குழாய் வழியாகச் சொட்டுகிற நீரில் கம்பளத்தின் ஈரமும் அடங்கும். கம்பளத்தைத் தரையில் கிடத்தாமல் கயிற்றுக் கட்டிலின் மீது விரித்தால் அடிப்பக்கத்துக்கும் காற்றுக் கிடைக்கும்.

எனவே புகாரைக் கேட்பவர் முதலில் செய்ய வேண்டியது மறுமுறை கழுவித் தருவதாக ஒப்புக்கொள்வதன்று. எந்த நாள் தொடங்கியது, அறை முழுவதுமா ஒரு மூலையிலா, நெடியா ஊசலா மண் வாடையா என்று கேட்க வேண்டும். அறை முழுவதும் பரவிய ஊசல் வாடை உலராமையைக் காட்டும். ஒரே மூலையில் குத்தும் நெடி சிறுநீரைக் காட்டும். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தால் சிறுநீர்க் கறை மங்கலாக ஒளிரும் (சில சோப்புகளின் எச்சமும் ஒளிரும் என்பதால் குனிந்து முகர்ந்தும் பார்க்க வேண்டியிருக்கும்). அந்த வீட்டிலேயே இருப்பவரின் மூக்கு சில நிமிடங்களில் வாடைக்குப் பழகிவிடுவதால், வெளியிலிருந்து அப்போதுதான் நுழைந்தவரின் சொல்லுக்கு மதிப்பு அதிகம்.

சாம்பிராணியும் வாசனைத் தெளிப்பானும் மூக்கைச் சற்று நேரம் ஏமாற்றும், அவ்வளவே. சமையல் சோடா, பால் புளித்ததால் வரும் பியூட்டிரிக் அமிலத்தைப் போன்றவற்றை உப்பாக மாற்றிக் கட்டிப்போடும்; அம்மோனியாவிடம் அதன் பருப்பு வேகாது. பிளீச்சிங் கரைசல் கம்பளியையே கரைக்கும்; அம்மோனியாவோடு கலந்தால் நச்சு வாயுவும் கிளம்பும். யூரிக் அமிலத்தை உடைக்கும் நொதிக் கரைசல்கள் உண்மையிலேயே பயனுள்ளவை. ஆனால் வெந்நீரோ ஃபினாயிலோ பட்ட இடத்தில் நொதி செயலிழந்துவிடும். தவிர, அது கறையின் ஆழம் வரை இறங்கிச் சில மணி நேரம் ஈரத்திலேயே ஊற வேண்டும். புட்டியில் புரோட்டியேஸ் என்று எழுதியிருந்தால் கம்பளிக்கும் பட்டுக்கும் அதை நெருங்க விடக் கூடாது. புரதத்தை அறுப்பது அந்த நொதியின் வேலை. கம்பளியும் பட்டும் புரதங்கள்.

சிறுநீர் பசை அடுக்கையும் தாண்டி நுரை மெத்தையில் இறங்கியிருந்தால், மேலிருந்து ஊற்றும் எந்தக் கரைசலும் அங்கே சரிவரச் சேர்வதில்லை. கம்பளத்தைப் பிரித்து, அந்தத் துண்டு மெத்தையை வெட்டி எறிந்து, அடியிலுள்ள தரையையும் துடைத்துக் காயவிட்டுப் புது மெத்தை வைக்க வேண்டியிருக்கும். அதற்கான செலவை முதல் சொட்டுத் தண்ணீர் விழுவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லிவிடுவது நல்லது. மூன்றாம் நாள் தொலைபேசியில் சொன்னால் அது சாக்காகவே கேட்கும்.