பூட்டு நம் போனில், சாவி யாரிடம்?

கோபிச்செட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் மாமாவின் தோட்டம். தேங்காய் வியாபாரி யுபிஐயில் பணம் போட்டால், வரப்பில் நின்றபடியே போனை எடுத்துப் பார்த்துக்கொள்வார். போன தீபாவளிக்குப் போயிருந்தபோது அந்தப் போனின் அமைப்புகளைத் திறந்தேன். பாதுகாப்புப் புதுப்பிப்பு என்ற வரியில் 2021ஆம் ஆண்டுத் தேதி அப்படியே நின்றுபோயிருந்தது. வேறு போன் வாங்கச் சொன்னேன்.

"ஏன் மாப்ள, போனு நல்லாத்தானே இருக்குது, இத எதுக்கு மாத்தோணும்?" என்றார்.

நியாயமான கேள்வி. திரையில் கீறல் இல்லை, சார்ஜ் இரண்டு நாள் நிற்கிறது. ஆனால் மென்பொருளில் உள்ள ஓட்டைகள் கண்ணுக்குத் தெரியாது. எம்எம்எஸ்ஸில் ஒரு வீடியோ வந்தாலே போன் அடுத்தவன் கைக்குப் போய்விடலாம் என்பதை 2015இல் ஆண்ட்ராய்டில் கண்டுபிடித்த ஸ்டேஜ்ஃப்ரைட் என்ற ஓட்டை காட்டியது. அதற்கப்புறம்தான் கூகுள் ஆண்ட்ராய்டுக்கு மாதாமாதம் பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிடத் தொடங்கியது. அவற்றைப் போன் கம்பெனி நமக்கு அனுப்பினால்தான் உண்டு.

கம்பெனி கைவிட்ட போன்களுக்குத் தன்னார்வலர்கள் புது ஆண்ட்ராய்டைத் தயார்செய்து தருகிறார்கள். 2016 கடைசியில் தொடங்கிய லினியேஜ்ஓஎஸ் அப்படிப்பட்டது. அதை ஏற்றுவதற்கு, கம்பெனி ஒப்புக்கொள்ளாத மென்பொருளை ஓடவிடாமல் தடுக்கும் ஒரு பூட்டைத் திறக்க வேண்டும். அந்தப் பூட்டு வேலை செய்யும் விதம் அழகானது.

போனை ஆன் செய்ததும் முதலில் ஓடுவது சிப்புக்குள்ளேயே பதிந்திருக்கும் ஒரு சிறு நிரல். அதை யாராலும் மாற்ற முடியாது. சிப்பில் உள்ள நுண்ணிய ஃபியூஸ்களை எரித்து, கம்பெனியின் டிஜிட்டல் சாவிக்கான அடையாளத்தைத் தொழிற்சாலையிலேயே பதித்திருப்பார்கள். எரிந்த ஃபியூஸ் திரும்ப ஒட்டாது. அந்த அடையாளத்தை வைத்து முதல் நிரல், அடுத்து ஓடி ஆண்ட்ராய்டை எழுப்பும் நிரலான பூட்லோடரில் கம்பெனி தன் சாவியால் போட்ட டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபார்க்கும். பூட்லோடர், ஆண்ட்ராய்டின் மையப் பகுதியான கெர்னலைச் சரிபார்க்கும். அப்புறம் சிஸ்டம் கோப்புகள். பல ஜிபி இருக்கும் அவற்றை மொத்தமாகச் சோதித்தால் போன் திறக்கவே நேரமாகும். அதனால் 4 கேபி துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் படிக்கும்போதே அதிலிருந்து ஓர் எண்ணைக் கணக்கிட்டு, முன்பே குறித்துவைத்த எண்ணோடு ஒத்துப் பார்க்கிறது. ஒரு பிட் மாறியிருந்தாலும் கணக்கு உதைக்கும், அந்தத் துண்டை ஏற்காது. ஆண்ட்ராய்டு 7 முதல் இந்தச் சோதனை கண்டிப்பாக்கப்பட்டது.

அமைப்புகளில் இருக்கும் பில்ட் எண்ணை 7 முறை தட்டி, மறைந்திருக்கும் டெவலப்பர் பட்டியலை வரவழைத்து, பூட்லோடரைத் திறக்கலாம். அனுமதிக்கும் கம்பெனியாக இருந்தால்தான். திறந்தவுடன் போனில் இருப்பதெல்லாம் அழியும். இது தண்டனை இல்லை. திருடியவன் தன் மென்பொருளை ஏற்றி நம் படங்களையும் கணக்குகளையும் தோண்டக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. பூட்டு திறந்திருக்கிறது என்பதைச் சிப்பே கையெழுத்திட்டுச் சொல்லிவிடும் என்பதால், வங்கிச் செயலிகள் பலவும் வேலை செய்ய மறுக்கும். மாமாவுக்கு யுபிஐ இல்லாத போன் எதற்கு?

பூட்டே கூடாது என்று நான் சொல்லவில்லை, பூட்டு வேண்டும். சாவி உரிமையாளரிடமும் இருக்க வேண்டும். இது நடக்காத காரியமும் இல்லை. கூகுளின் பிக்சல் போன்களில் நமக்கு வேண்டிய மென்பொருளின் சாவியைப் பதித்து மறுபடி பூட்டிவிடலாம், அதே சோதனைகள் அந்தச் சாவியை வைத்து நடக்கும். கிராஃபீன்ஓஎஸ் என்ற மாற்று ஆண்ட்ராய்டு அப்படித்தான் இயங்குகிறது. ஆனாலும் இந்தப் போனை நம்பலாம் என்று கூகுளின் சான்று கேட்கும் செயலிகள் அதையும் ஏற்பதில்லை. எவ்வளவு பாதுகாப்பானது என்று பார்க்காமல் யார் சான்று கொடுத்தது என்று பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

இதை மாமாவிடம் விளக்கியபோது சட்டென்று பிடித்துக்கொண்டார். "மோட்டார் ரூமுக்கு அவன் பூட்டுப் போட்டுட்டு, சர்வீசுக்கும் வரமாட்டேன், சாவியும் தரமாட்டேன்னா எப்படி மாப்ள?"

பிக்சல் 8க்கு 7 ஆண்டு புதுப்பிப்பு தருவதாக 2023இல் கூகுள் அறிவித்தது, அடுத்த ஆண்டே கேலக்ஸி எஸ்24க்கு சாம்சங்கும் அதே வாக்கைக் கொடுத்தது. நல்லதுதான், ஆனால் இரண்டும் விலை கூடின போன்கள்.

தன்னார்வலர்களால் எல்லாவற்றையும் சரிசெய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். செல்போன் டவரோடு பேசும் மோடம் போன்றவற்றுக்குள் ஓடும் மூடிய நிரல்களைச் சிப் கம்பெனிதான் திருத்த முடியும். லினியேஜ் ஏற்றினாலும் அவை பழையபடியே கிடக்கும்.

கடைசியில் யுபிஐ பண வரவுக்கென்று ஒரு புதுப் போன் வாங்கினோம். பழையதில் லினியேஜ் ஏற்றிக் கொடுத்தேன். கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டருக்குப் போன் செய்து மோட்டாரை ஓட்ட அதைத்தான் வைத்திருக்கிறார். ஆன் செய்யும்போதெல்லாம் இந்தப் போனின் மென்பொருளைச் சரிபார்க்க முடியவில்லை என்று எச்சரிக்கை வருகிறது. மாமா அது போகும்வரை காத்திருந்து மோட்டாரைப் போடுகிறார்.