பி.சி.டி.க்குத் தமிழில் என்ன பெயர்?

முதுகில் காற்றுச் சிலிண்டரைச் சுமந்து நீருக்கடியில் போகும் ஸ்கூபா முக்குளிப்புக்குப் போகிறவர் முதல் நாளே கேட்கும் சொல் பி.சி.டி. "பி.சி.டி.யை மாட்டுங்க, கொஞ்சம் காத்து ஏத்துங்க" என்று பயிற்றுநர் சொல்லிக்கொண்டே இருப்பார். பார்க்கக் கையில்லாத சட்டை மாதிரி இருக்கும். முதுகுப் பக்கம் சிலிண்டரைத் தாங்கும் பட்டை, உள்ளே ஒரு காற்றுப்பை, இடது தோளிலிருந்து தொங்கும் நெளிகுழாய். குழாயின் முனையில் இரண்டு பொத்தான்கள். ஒன்றை அழுத்தினால் சிலிண்டரிலிருந்து காற்று பைக்குள் போகும். குழாயைத் தோளுக்கு மேல் தூக்கிப் பிடித்து மற்றதை அழுத்தினால் காற்று குமிழ் குமிழாக வெளியேறும்.

இதைத் தமிழில் எழுதும்போது பலரும் "மிதவைச் சட்டை" என்கிறார்கள். அங்கேதான் எனக்கு உறுத்துகிறது. மிதவைச் சட்டை என்றதும் படகில் தரும் உயிர்காப்புச் சட்டைதான் நினைவுக்கு வரும். அதன் வேலை ஆளை மேலேயே வைத்திருப்பது, மயங்கிப் போனாலும் முகத்தை வானம் பார்க்கத் திருப்பி வைப்பது. பி.சி.டி. அதைச் செய்யாது. ஐரோப்பியத் தர விதிப்படி செய்த பி.சி.டி.யின் உட்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். இது உயிர்காப்புச் சட்டை ஆகாது, நீர்ப்பரப்பில் தலை மேலே இருக்கும் என்பதற்கு உறுதி இல்லை என்ற எச்சரிக்கை அச்சிட்டிருக்கும். உயிர்காப்புச் சட்டைக்குத் தமிழில் வேறு நல்ல சொல் இருக்கிறது. திருக்குறளில் வரும் "ஏமப் புணை". ஏமம் என்றால் காவல், புணை என்றால் தெப்பம். அந்தச் சொல்லை அதற்கே விட்டுவிடலாம்.

சரி, பி.சி.டி. என்பதன் விரிவு என்ன? 'பி' என்பது பாயன்சி, அதாவது மிதப்பு. 'டி' என்பது டிவைஸ், அதாவது கருவி. நடுவில் நிற்கும் 'சி'யில்தான் ஆங்கிலத்துக்கே இரு மனம். சிலர் கன்ட்ரோல், அதாவது கட்டுப்பாடு என்று விரிப்பார்கள். சிலர் 'டி'யையும் விட்டுவிட்டு, பி.சி. என்றால் பாயன்சி காம்பன்சேட்டர், அதாவது மிதப்பை ஈடுகட்டுவது என்பார்கள். பாயன்சி என்ற சொல் 'பாய்' (buoy) என்ற ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது. துறைமுகத்தில் சங்கிலியில் கட்டி மிதக்கவிடும் வழிகாட்டி மிதவைக்கு அந்தப் பெயர். அதன் வேர் பற்றி இரண்டு கருத்து உண்டு. அடையாளம், குறி என்ற பொருளுள்ள ஜெர்மானியச் சொல் என்பது ஒன்று. விலங்கு, தளை என்ற பொருளுள்ள லத்தீன் சொல் என்பது இன்னொன்று.

எனக்குப் பிடித்தது காம்பன்சேட்டர். அதன் லத்தீன் வேருக்கு ஒன்றோடு ஒன்றை வைத்து எடை பார்ப்பது என்று பொருள். ஜெர்மன்காரர்கள் இதை டாரியர்வெஸ்டெ என்கிறார்கள். டாரியரன் என்றால் தராசைச் சரிக்கட்டுவது, பாத்திரத்தின் எடையைக் கழித்து முள்ளை நடுவில் நிறுத்துவது. பிரெஞ்சில் நிலைப்படுத்தும் சட்டை என்ற பொருளில் பெயர், சுருக்கமாக ஸ்டாப் (stab). மூன்று மொழிகளில் போய்ப் பார்த்தாலும் மிதப்பதைவிட நடுவில் நிற்பதுதான் பெயரில் அழுத்தமாக விழுகிறது.

இத்தனைக்கும் அந்தப் பொருள் பிறந்தது உயிர்காப்புச் சட்டையின் வழியில்தான். பிரான்ஸின் மொரிஸ் ஃபென்சி 1960களின் தொடக்கத்தில் கொண்டுவந்தது கழுத்தில் மாட்டி நெஞ்சில் தொங்கும் ஊதுபை. தோளைச் சுற்றி அணியும் சட்டை வடிவம் 1970களின் பிற்பகுதியில் பரவியது. காற்றுப்பை முழுவதும் முதுகில் இருக்கும் வகையும் உண்டு.

நடுவில் நிற்பது ஏன் அவ்வளவு பெரிய வேலை? 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. மேலே 4 லிட்டர் இருந்த காற்று அங்கே 2 லிட்டராகச் சுருங்கும். உடம்பில் போட்டிருக்கும் நியோபிரீன் என்ற நுரை ரப்பர் உடையும் சுருங்கும். இறங்க இறங்க ஆள் கனத்துக்கொண்டே போவார், அதனால் பையில் கொஞ்சம் காற்று சேர்க்க வேண்டும். ஏறும்போது இதே கணக்கு தலைகீழ். அதே காற்று விரிந்து மேலே இழுக்கும், விட்டுக்கொண்டே வர வேண்டும். இதற்கு நடுவே சிலிண்டரும் எடை குறைகிறது. பரவலாகப் பயன்படும் அலுமினிய சிலிண்டரில் அடைத்த காற்றின் எடை மட்டுமே இரண்டரைக் கிலோவுக்கு மேல்.

மன்னார் வளைகுடாவில் முத்துக் குளித்தவர்கள் ஒரு கல்லின் கனத்தில் இறங்கினார்கள், மேலே இருப்பவர் கயிற்றைப் பிடித்து இழுக்க ஏறினார்கள். கீழே போக ஒன்று, மேலே வர ஒன்று. இடையில் எந்த ஆழத்திலும் அசையாமல் நிற்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. பி.சி.டி. தருவது அந்த இடைநிலையைத்தான்.

பாடநூல்களில் இந்த விசைக்கு ஏற்கெனவே பெயர் உண்டு. தமிழ்நாட்டில் மிதப்பு விசை, இலங்கையில் மேலுதைப்பு. மிதக்கவும் செய்யாமல் அமிழவும் செய்யாமல் நிற்கும் நிலையைச் சமமிதப்பு எனலாம். கருவியை "மிதப்புக் கட்டுப்பாட்டுக் கருவி" என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் தப்பில்லை, ஆனால் படகில் அலைக்கு நடுவே யாரும் அவ்வளவு நீளமாகக் கூப்பிட மாட்டார்கள். குறளில் தராசைப் பற்றிச் "சமன்செய்து சீர்தூக்கும் கோல்" என்று வருகிறது. அந்தச் 'சமன்' இங்கே அப்படியே பொருந்தும். சட்டைக்கு மெய்ப்பை என்றொரு பழஞ்சொல்லும் உண்டு. மெய்யில் அணியும் பை என்று இதற்கென்றே செய்தது போல இருக்கிறது. ஆனாலும் கேட்டதும் புரிவது சட்டைதான். ஆகவே என் தேர்வு: எழுத்தில் மிதப்புச் சமன்சட்டை, பேச்சில் சமன்சட்டை.

இப்போது கடைகளில் "டிராவல் பி.சி.டி." என்று தனியாக விற்கிறார்கள். பயணச் சமன்சட்டை என்று சொல்லிப் பார்த்தேன், நன்றாகவே நிற்கிறது. சாதாரணச் சட்டை மூன்றரை, நான்கு கிலோ இருக்கும். பயணத்துக்கானது இரண்டு, இரண்டரைக் கிலோ. நம் உள்நாட்டு விமானங்களில் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி, அதனால் இந்த வித்தியாசம் சின்னதில்லை. எடையைக் குறைக்க முதுகிலிருக்கும் கெட்டியான பலகையை எடுத்துவிடுகிறார்கள். இரும்பு வளையங்கள் பிளாஸ்டிக் ஆகின்றன, துணி மெலிகிறது, பாக்கெட்டுகள் சிறுக்கின்றன. பாய் போலச் சுருட்டிப் பெட்டியில் வைக்கலாம். பலகை இல்லாததால் பட்டையை நன்றாக இறுக்காவிட்டால் சிலிண்டர் முதுகில் ஆடும். காற்றுப்பை பின்னால் மட்டும் இருக்கும் வகையில், மேலே வந்ததும் நிறையக் காற்றை ஏற்றினால் ஆளை முன்பக்கம் கவிழ்க்கப் பார்க்கும். கொஞ்சம் பின்னால் சாய்ந்து மிதக்கப் பழகிக்கொள்ள வேண்டும்.

தூக்குதிறனைச் சீட்டில் நியூட்டனில் போட்டிருப்பார்கள். 10 நியூட்டன் ஏறத்தாழ ஒரு கிலோ. அந்தமான், திருகோணமலை மாதிரி வெதுவெதுப்பான கடலில் 3 மி.மீ. உடையோடு இறங்குகிறவருக்கு 100 முதல் 140 நியூட்டன் போதும். தடித்த உடை வேண்டிய குளிர்க்கடலுக்குப் பயணச் சட்டையை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

வாங்குமுன் கடையிலேயே முழுக்கக் காற்றேற்றிப் போட்டுப் பாருங்கள். நெஞ்சை அழுத்தி மூச்சை முட்டினால் அளவு சரியில்லை. வெளியேற்றும் வால்வின் கயிறுகள் பார்க்காமலே கைக்கு எட்டுகின்றனவா என்றும் இழுத்துப் பாருங்கள்.

ஒருமுறை அந்தமானின் சுவராஜ் தீவிலிருந்து திரும்பும்போது போன எடையைவிட என் பெட்டி ஒன்றரைக் கிலோ கூடுதலாக இருந்தது. விமான நிலையத்தில் சட்டையைப் பிரித்து உலுக்கினேன், உள்ளே களக் களக்கென்று சத்தம். காற்றுப்பைக்குள் கடல்நீர். அன்றிலிருந்து கடைசி முக்குளிப்பு முடிந்ததும் நெளிகுழாய் வழியாக நல்ல தண்ணீரை உள்ளே விட்டுக் குலுக்கி, சட்டையைத் தலைகீழாகப் பிடித்துக் கீழ் வால்வின் கயிற்றை இழுத்துக் கடைசிச் சொட்டு வரை வடியவிடுகிறேன். பிறகு பாதி ஊதி, ஓர் இரவு நிழலில் தொங்கவிட்டுத்தான் சுருட்டுகிறேன்.